அசல் கார்டு வேண்டுமாம்

ஒரு கார்டை அச்சடிக்க எவ்வளவு ஆகும் என்று சிவகாசிக்காரனிடம் மட்டும் கேட்கக் கூடாது. சொல்லிவிடுவான். போர்டு எத்தனை ஜிஎஸ்எம், ஷீட் என்ன சைஸ், ஒரு ஷீட்டில் எத்தனை உட்காரும், வார்னிஷா லேமினேஷனா, எத்தனை ஆயிரம் ஓட்டணும் என்று வரிசையாகக் கேட்பான். அடுத்த மூச்சில் பைசாக் கணக்கில் விலை வந்துவிடும். “இல்லண்ணே, ஒரே ஒரு கார்டு” என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். ஒன்று என்ற எண்ணிக்கையே எங்கள் ஊர் அச்சகங்களில் கிடையாது.

நான் அந்த ஊர்க்காரன். அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் கட்டிங் மிஷின் முன்னால் நின்றவர். நான் பன்னிரண்டு வருடமாக ‘மேஜிக்: த கேதரிங்’ ஆடுகிறவன். இந்த இரண்டு விஷயமும் ஒரே மண்டைக்குள் இருந்தால் நிம்மதியாக ஒரு போட்டியில் உட்கார முடியாது. “அசல் கார்டு கையில் இல்லாதவன் ஆடக் கூடாது” என்கிற போட்டி விதி ஆட்டத்தைக் காப்பாற்றுவதற்கான விதி இல்லை, கார்டு விலையைக் காப்பாற்றுவதற்கான விதி. அதை நாம் ஏன் நம் தலையில் சுமக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் உருவாக்கியது. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. குறைந்தது 60 கார்டு கொண்ட ஒரு கட்டை நீங்களே வீட்டிலிருந்து தயார் செய்து கொண்டுவர வேண்டும். ஒரே கார்டு நாலுக்கு மேல் கூடாது, அடிப்படை நிலக் கார்டுகளுக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. நிலத்தை இறக்கினால் சக்தி வரும். சக்தியைச் செலவழித்தால் மந்திரமோ மிருகமோ இறங்கும். எதிராளியின் இருபதைப் பூஜ்யமாக்கினால் ஜெயம். ரம்மியில் எல்லோருக்கும் ஒரே கட்டிலிருந்துதான் பிரித்துப் போடுகிறோம். இங்கே ஆளுக்கு ஒரு கட்டு, அவரவர் ஆயுதம் அவரவர் செலவு. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

கார்டுகள் சீல் வைத்த பாக்கெட்டில் வரும். ரொம்ப காலமாக இருந்த முறைப்படி பாக்கெட்டுக்கு 15. அதில் ஒன்று அரிய கார்டு, மூன்று அதற்கு அடுத்த ரகம், மிச்சமெல்லாம் சாதாரணம். 2008-ல் அரியதற்கும் மேலே ‘மித்திக்’ என்று இன்னொரு படி கட்டினார்கள். சுமாராக எட்டுப் பாக்கெட் பிரித்தால் ஒன்று வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுக்கிறீர்கள். பிரிக்கிறீர்கள். உதட்டைப் பிதுக்குகிறீர்கள். இன்னொரு பாக்கெட் கேட்கிறீர்கள். எங்கள் சித்தப்பா ஒருவர் இதே காரியத்தைப் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை முன்னால் நின்று செய்வார், கையில் ஒரு நாலணாக் காசை வைத்துக்கொண்டு. அதற்குச் ‘சுரண்டல் லாட்டரி’ என்று பெயர். இப்படி இரண்டு அர்த்தமும் சரியாகப் பொருந்துகிற பெயர் தமிழில் வேறு எதற்கும் அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2003 ஜனவரியில் தமிழ்நாடு அரசு லாட்டரியை மொத்தமாகத் தடை செய்தது. அந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி சுமாராகத்தான் இருந்தது. அப்பாவின் அச்சகத்தில் ஓடியதில் பாதி லாட்டரிச் சீட்டு.

பாக்கெட்டும் லாட்டரியும் ஒன்றில்லை என்று சொல்வார்கள். சரிதான். லாட்டரியில் விழாத சீட்டு குப்பை. இங்கே எப்படியும் சில கார்டுகள் கையில் நிற்கும். சட்டப்படி வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரிக்கிறவனின் விரல் நடுக்கத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. வீடியோ கேம்களில் காசு கொடுத்துத் திறக்கும் மர்மப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், மேஜிக்கின் முதல் பதிப்பு அச்சானதே அந்த பெல்ஜியத்தில்தான். டர்ன்ஹவுட் என்று ஒரு ஊர், கார்ட்டாமுண்டி என்று ஒரு அச்சகம். சீட்டுக்கட்டுக்கே பேர்போன ஊர் அது. சீட்டுக்கட்டுக்கு ஒரு அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். பெல்ஜியத்துச் சிவகாசி என்று வைத்துக்கொள்ளுங்கள், வெடி மட்டும் கிடையாது.

அந்த முதல் பதிப்பின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நான் இதைப் படித்த அன்று அப்பாவை எழுப்பிச் சொன்னேன். ‘ஆல்ஃபா’ என்று அதற்குப் பெயர். ஒரு ஷீட்டில் நீளத்துக்கு 11, அகலத்துக்கு 11, மொத்தம் 121 கார்டு. சாதாரணக் கார்டுகளுக்கு ஒரு ஷீட், நடு ரகத்துக்கு ஒன்று, அரியவற்றுக்கு ஒன்று. அரிய ஷீட்டில் ‘பிளாக் லோட்டஸ்’ இருந்தது. கறுப்புத் தாமரை. இன்று உலகத்தில் விலை அதிகமான கார்டுகளில் ஒன்று. 2021 ஜனவரியில் ஆல்ஃபா தாமரை ஒன்று இணைய ஏலத்தில் 5 லட்சத்து 11 ஆயிரம் டாலருக்குப் போனது. அதே ஷீட்டில் 116 அரிய கார்டு போக ஐந்து இடம் மிச்சம் இருந்திருக்கிறது. அந்த ஐந்து இடத்திலும் ‘ஐலண்ட்’ என்ற சாதாரண நிலக் கார்டை உட்கார வைத்துவிட்டார்கள். ஷீட்டில் காலி இடம் விட அங்கேயும் மனசு வரவில்லை போல. அதே பிளேட், அதே மை, அதே போர்டு, மிஷினில் அதே ஒரு ஓட்டம், அதே கத்தி. தாமரைக்கும் அந்தத் தீவுக்கும் அடக்க விலையில் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது.

அப்பா கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எத்தன அடிச்சான்?” ஒவ்வொரு அரிய கார்டும் சுமார் 1,100 என்றேன். சிரித்தார். ஆயிரத்து நூறு என்பது எங்கள் ஊரில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு அடிக்கிற பத்திரிகை. பெரிய மிஷினில் கலர் சரிக்கட்டுவதற்குள் சில நூறு ஷீட் வேஸ்டேஜிலேயே போய்விடும். “ஓட்டமா இது? தொட்டுட்டு நிறுத்தியிருக்கான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

தொட்டுவிட்டு நிறுத்தினான். அரிது என்பது அம்புட்டுதான். தங்கம் அரிது, மண்ணுக்குள் கொஞ்சமாக இருக்கிறது. நல்ல மல்லிகைப்பூ மார்கழியில் அரிது, செடி பூப்பதில்லை. கார்டு அரிதாவது மிஷினை ஒருவர் நிறுத்தச் சொன்னதால். மறுபடி போடு என்றால் சாயங்காலத்துக்குள் லாரியில் ஏற்றலாம். போடமாட்டோம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். பழைய கார்டுகளை மறுபதிப்புச் செய்ததில் சேகரிப்பவர்கள் கொதித்துப்போனதும், 1996-ல் அந்த நிறுவனம், விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், ஒரு பட்டியல் வெளியிட்டது. இந்தக் கார்டுகளை இனி ஆட்டத்துக்கு உகந்த வடிவில் அச்சடிக்கவே மாட்டோம் என்ற வாக்குறுதி. சிவகாசியில் ஒரு அச்சகக்காரர் “இந்த லேபிளை இனி என் ஆயுசுக்கும் அடிக்கமாட்டேன்” என்று பத்திரம் எழுதிக் கொடுத்தால் அவரை ஏர்வாடிக்குத்தான் கூட்டிப்போவார்கள். அங்கே அதுதான் முப்பது வருட வியாபாரம்.

வாக்குறுதி எவ்வளவு புனிதமானது என்று 2022-ல் பார்த்தோம். ஆட்டத்தின் முப்பதாவது ஆண்டு விழா. தாமரை உட்பட அந்தப் பழைய கார்டுகளைப் பின்பக்கத்தை மாற்றி அச்சடித்து நிறுவனமே விற்றது. போட்டியில் ஆட முடியாது. பாக்கெட்டுக்கு 15 வீதம் நாலு பாக்கெட், 60 கார்டு. விலை 999 டாலர். உள்ளே என்ன வரும் என்று அப்போதும் தெரியாது. பிரிண்ட் எடுத்து ஆடுகிற பையனைப் பார்த்து “போலி” என்கிறோமே, அவன் செய்வதும் இதேதான். பின்பக்கம் வேறு, போட்டிக்கு ஆகாது, ஆடிப் பார்க்க மட்டும். அவன் செய்தால் ஜெராக்ஸ் கடையில் நாற்பது ரூபாய். மறுவருடம் ‘ஒன் ரிங்’ என்ற கார்டில் ஒரே ஒரு தனிப் பிரதி, 1-க்கு 1 என்று எண் போட்டு, ஏதோ ஒரு பாக்கெட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள். கடைசியில் பாடகர் போஸ்ட் மலோன் அதை இருபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். ஒன்று என்ற எண்ணிக்கை கிடையாது என்று முதலில் சொன்னேன் அல்லவா, அதற்கும் ஒரு அச்சகம் கிடைத்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அட்டை ஆட்டம் புதிதில்லை. அச்சுத் தொழில் இந்த ஊருக்கு வந்ததே தீப்பெட்டிப் படத்துக்காகத்தான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். பெட்டி வந்ததும் பெட்டி மேல் ஒட்டப் படம் வேண்டும், படம் அடிக்க மிஷின் வேண்டும். அந்தப் படங்களையும் சிகரெட் அட்டைகளையும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வைத்து, வட்டம் போட்டுச் சில்லு எறிந்து ஆடாத தெரு இந்தப் பக்கம் கிடையாது. அதிலும் அரிது உண்டு. ஊரில் யாரும் பிடிக்காத சிகரெட்டின் அட்டைக்கு மதிப்பு அதிகம். ஆனால் அது யார் என்ன பிடிக்கிறார்கள் என்பதிலிருந்து தானாக வந்த அரிது. குப்பைமேட்டைக் கிளறத் தெம்பு இருக்கிறவனுக்கு அது கிடைக்கும். அப்புறம் எங்கள் தலைமுறைக்கு மல்யுத்த டிரம்ப் கார்டு வந்தது. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ். கடையில் ஒரு பாக்கெட் வாங்கினால் முழுக் கட்டும் உள்ளே இருக்கும். அண்டர்டேக்கர் எல்லோருக்கும் கிடைப்பான். பாதிப் பெயர்களில் எழுத்துப்பிழை இருந்தது, அதனால் எந்த ஆட்டமும் நின்றதில்லை.

இனி என் டெக். ‘பர்ன்’ என்று சொல்வார்கள். எரிக்கிற டெக். சிவகாசிக்காரன் வெடி டெக் ஆடுகிறான் என்று போகிற இடமெல்லாம் கிண்டல், பழகிவிட்டது. முழுக்கச் சிவப்பு. நிலம் என்றால் மலைகள் மட்டும், 20 மலை. மிச்சம் நாற்பதில் பெரும்பாலானவை ஒரே வேலையைத்தான் செய்யும், மூன்று புள்ளி காயம். ‘லைட்னிங் போல்ட்’ இதன் தாய். ஒரே ஒரு சக்திக்கு மூன்று காயம், 1993-லேயே சாதாரண ரகத்தில் வந்தது. ‘லாவா ஸ்பைக்’, ‘ரிஃப்ட் போல்ட்’, எல்லாம் அந்தக் குடும்பம். ஏழு இடி விழுந்தால் 21. எதிராளி இருபதில் தொடங்குகிறான். இதைவிட எளிமையான கணக்கு இந்த ஆட்டத்தில் இல்லை. எளிமையாக இருப்பதால் மூளை வேண்டாத டெக் என்பார்கள். சொல்கிறவர்கள், எதிராளியின் மிருகத்தை அடிப்பதா எதிராளியையே அடிப்பதா என்று மூன்றாவது முறையில் ஒரு முடிவெடுத்து, அது சரியா தப்பா என்று ஆறாவது முறையில் தெரியவரும் அவஸ்தையை அனுபவித்திருக்க மாட்டார்கள்.

“உனக்கு இது பிடிக்குதுன்னு சொல்ற. நிஜமாவே பிடிக்குதா, இல்ல உன்னால வாங்க முடிஞ்சது இது மட்டுமா?” என்று ஒரு நண்பன் கேட்டான். கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் நியாயமான கேள்வி. ஏனென்றால் இந்த ஆட்டத்தில் விலை உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் டிராகன்கள் இல்லை. நிலம். இரண்டு நிறச் சக்தி தருகிற நிலம், கட்டிலிருந்து வேறு நிலத்தைத் தேடி எடுத்துவருகிற நிலம். ‘ஸ்கால்டிங் டார்ன்’ போன்ற ஒரு நிலம் நான் பார்த்த நாட்களில் இருபது, முப்பது டாலருக்குக் குறைந்ததில்லை. நாலு வாங்க வேண்டும். அந்த 1996 பட்டியலில் மாட்டிக்கொண்ட பழைய இரட்டை நிலங்கள் பல நூறு டாலர். நல்ல நிலம் இருந்தால் மூன்று நிறம், நாலு நிறம் என்று எல்லா நிறத்திலும் சிறந்ததைப் பொறுக்கி ஒரே கட்டில் வைக்கலாம். தடுக்கி விழமாட்டீர்கள். நிலம் இல்லாதவன் ஒரே நிறத்தில் நின்று வேகமாக அடித்துவிட்டு ஓட வேண்டும். மானாவாரி விவசாயம் மாதிரி. கற்பனை உலகத்திலும் நஞ்சை வைத்திருப்பவன்தான் ஜெயிக்கிறான் என்றால், அப்புறம் எதற்குக் கற்பனை?

நண்பனின் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய போர்டுத் துண்டுகள். 63-க்கு 88 மில்லிமீட்டர், அதாவது வழக்கமான சீட்டின் அளவுதான். அப்பாவே வெட்டிக் கொடுத்தார். கறுப்பு மார்க்கரில் பெயரும் விதியும் எழுதினேன். படம் கிடையாது. பின்பக்கம் வெள்ளை. எட்டு மாதம், அன்றைக்குப் போட்டிகளில் ஜெயித்துக்கொண்டிருந்த எல்லா டெக்கையும் எங்கள் மொட்டை மாடியில் ஆடினோம். ஐந்து பேர். லட்ச ரூபாய் டெக்கை மார்க்கர் பேனாவால் ஓட்டினோம். நாலு நிற டெக்கின் சொகுசு என்னவென்று தெரிந்தது. ஆட்டத்தையே பூட்டிப்போட்டு எதிராளியை ஆடவிடாமல் அடிக்கும் டெக்கையும் ஆடினேன், நன்றாகவே ஜெயித்தேன், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாம் ஆடி முடித்துவிட்டு மறுபடி பர்னை எடுத்தபோதுதான் இது எனக்குப் பிடித்த டெக் என்று தெரிந்தது. அதுவரை அது என்னிடம் இருந்த டெக், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், “பிடித்த டெக்கோடு போட்டிக்கு வா, ஜெயிப்பதைப் பற்றிக் கவலைப்படாதே” என்று அறிவுரை சொல்கிற நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் பத்து டெக் ஆடிப் பார்க்க வழி உள்ளவனுக்குத்தான் பிடித்தது என்று ஒன்று இருக்க முடியும். மற்றவனுக்கு இருப்பது கிடைத்தது. ரேஷன் அரிசியைப் போட்டுவிட்டு “உனக்குப் பிடித்த அரிசி எது” என்று கேட்பது போல.

போன வருடம் சென்னையில் ஒரு போட்டி. ஒரு கடையின் மேல்மாடி. இருபத்துச் சொச்சம் பேர், ஸ்விஸ் முறையில் ஐந்து சுற்று, சுற்றுக்கு 50 நிமிடம், மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். நான் சிவகாசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன், மொட்டை மாடி ஐவரில் ஒருவன் விருதுநகரில் ஏறினான். பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கிற பையன், அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர். எங்கள் ஐந்து பேரில் அவன்தான் சிறந்த ஆட்டக்காரன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று மூஞ்சியைப் பார்க்காமல், தட்டின நிலத்தின் எண்ணிக்கையைப் பார்த்தே சொல்வான். அவனுடைய மூன்று நிற டெக்கில் 52 அசல் கார்டு. இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. எட்டு நிலம் மட்டும் பிரிண்ட். பின்னால் தெரியாத உறைக்குள், ஒளிவுமறைவு இல்லாமல். மேஜைக்குப் போனதும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னான். “அண்ணே, எட்டு லேண்டு பிரிண்ட் வச்சிருக்கேன், பரவாயில்லையா?”

“சாரி ப்ரோ, ரூல்.”

நடுவர் நல்ல மனிதர். குரலில் நிஜமான சங்கடம் இருந்தது. கட்டணத்தையும் வாங்கவில்லை. வேண்டுமானால் அந்த எட்டுக்குப் பதில் சாதாரண நிலம் போட்டு ஆடு என்றார். மூன்று நிற டெக்கை அப்படி ஆடுவதும் ஆடாமல் இருப்பதும் ஒன்றுதான். பையன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து ஐந்து மணி நேரம் வேடிக்கை பார்த்தான்.

மூன்றாவது சுற்றில் பக்கத்து மேஜையில் ஒருவர் கலைக்கும்போது ஒரு கார்டு உறையோடு மடங்கி ஓரம் கிழிந்துவிட்டது. உறை மாற்றினாலும் மடிப்பு வெளியே தெரியும், அப்படியே ஆடினால் அடையாளம் வைத்த கார்டு என்று ஆகிவிடும். நடுவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு சாதாரண நில அட்டையை எடுத்தார், மார்க்கரால் கிழிந்த கார்டின் பெயரை எழுதினார், “போட்டி முடியுற வரைக்கும் இதுதான் அது” என்றார். ஆட்டம் தொடர்ந்தது. அவர் செய்தது முழுக்க விதிப்படிதான். போட்டியின்போது சேதமான கார்டுக்கு நடுவர் பதிலி எழுதித் தரலாம் என்று விதியே இருக்கிறது. விருதுநகர்ப் பையன் என்னைப் பார்த்தான். நான் என் மேஜையைப் பார்த்துக்கொண்டேன்.

ஆக, மார்க்கரில் எழுதிய அட்டையை வைத்து ஆட்டம் ஓடும் என்பது விதி எழுதியவர்களுக்கே தெரியும். ஆட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது. படம் முக்கியமில்லை, போர்டு முக்கியமில்லை, மை முக்கியமில்லை. ஒரே நிபந்தனை, அசல் ஒன்று உன் பெயரில் எங்கேயாவது கிழிந்தாவது கிடக்க வேண்டும். இதை ஆட்ட விதி என்று சொல்லாதீர்கள். சொத்து வைத்திருப்பவனுக்கு மட்டும் ஓட்டு என்று ஒரு காலத்தில் இருந்ததே, அந்த வகை.

என் கதையை முடித்துவிடுகிறேன். முதல் மூன்றில் இரண்டு ஜெயம். நாலாவது சுற்று, கடைசி ஆட்டம், எதிராளி இரண்டு புள்ளியில் நிற்கிறான், என் கை காலி. எந்த இடி வந்தாலும் முடிந்தது. மலை வந்தது. அவனுடைய நாலு நிற நிலங்கள் அழகாக விரிந்து கிடந்தன. தோற்றதில் வருத்தமில்லை, கலைத்துப் போட்ட கட்டில் மலையும் வரும். தங்கமான பையன், ஆட்டம் முடிந்து டீ வாங்கிக் கொடுத்தான். அவன் மேலோ அவன் நிலத்தின் மேலோ எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அன்று அங்கே இருந்த சிறந்த கை ஒரு கார்டுகூட எடுக்காமல் ரயில் ஏறியது, புகார் அதுதான்.

நம் நாட்டில் சீட்டாட்டம் என்றாலே நீதிமன்றங்கள் இரண்டு விஷயத்தைத்தான் நிறுத்துப் பார்க்கின்றன, திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு. 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை என்றது, விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும் என்று காரணம் சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்த மாநிலச் சட்டப் பகுதியை ரத்து செய்தது. அந்த ஆட்டங்களில் பணம் கட்டப்படுகிறது, ஆனாலும் கையில் விழும் சீட்டுக்கு யாரும் தனியாக விலை கொடுப்பதில்லை. நம் ஆட்டத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பர்ஸ். அதை எந்தத் தராசிலும் யாரும் வைத்ததில்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த காரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். காய்கள் எந்தக் கடையில் வாங்கியது, ரசீது இருக்கிறதா என்று அவரிடம் கேட்டிருந்தால் எப்படி இருக்கும்? வசதியானவனுக்கு ஒன்பது காயும் வசதியில்லாதவனுக்கு ஆறு காயும் என்று வைத்து ஆடச் சொல்லியிருந்தால்?

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும், எல்லாம் முகத்துக்கு நேராகக் கேட்டவைதான்.

“ஓவியன் சோத்துல மண்ணைப் போடுற.” இந்த வாதத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன், ஏனென்றால் காலண்டருக்குப் படம் வரைந்து கொடுத்துவிட்டுக் கடைசிவரை வாடகை வீட்டில் இருந்த ஓவியர்களை எங்கள் ஊருக்குத் தெரியும். ஆனால் பொதுவாகக் கார்டு ஓவியருக்குக் கிடைப்பது வரைந்ததற்கான தொகை. நாலு வருடம் கழித்து அந்தக் கார்டு கைமாறி ஐயாயிரம் ரூபாய்க்குப் போகும்போது அவருக்கு அதிலிருந்து ஒரு டீ கூடக் கிடைக்காது. என் பதிலியில் படமே இல்லை. படம் பிடித்தவர்கள் தாராளமாக அசல் வாங்கட்டும், நானும் வாங்குகிறேன். என் நாலு லைட்னிங் போல்டும் அசல்தான், அதில் ஒன்றை யாருக்கும் கடன்கூடத் தரமாட்டேன்.

“கள்ள அச்சுக்கு வழி விடுற.” இல்லை. பின்பக்கத்தையும் அப்படியே அடித்து அசல் என்று விற்கிறவன் திருடன். எங்கள் ஊருக்கே அந்தக் கெட்ட பெயர் அவ்வப்போது ஒட்டிக்கொள்கிறது, அதனால் எனக்கு அவன் மேல் உங்களைவிடக் கோபம் அதிகம். வெள்ளைப் பின்பக்கமும் மார்க்கர் எழுத்தும் யாரையும் ஏமாற்ற முடியாது. இந்த வித்தியாசத்தை நிறுவனமே 2016-ல் தெளிவாகச் சொன்னது: போலிதான் குற்றம், நண்பர்களோடு ஆடிப் பார்க்க எழுதிக்கொள்ளும் கார்டைப் பற்றி எங்களுக்குப் பிரச்சினை இல்லை, அதிகாரபூர்வப் போட்டியில் மட்டும் கூடாது. இன்னொன்று, கள்ள அச்சுக்குத் தீனி போடுவது அரிதுதான். எல்லோரும் எழுதி ஆடலாம் என்றால் கள்ளக் கார்டை வாங்குபவன் யார்?

“கடைக்காரன் என்ன செய்வான்?” இது ஒன்றுதான் கனமான கேள்வி. கடைக்குப் பாக்கெட் விற்றால்தான் வாடகை. அந்த மேல்மாடி இல்லையென்றால் எங்களுக்கு உட்கார இடம் இல்லை. அதிகாரபூர்வப் போட்டிகளில் விதியை மீறச் சொல்லி நான் எந்தக் கடைக்காரரையும் மாட்டிவிடமாட்டேன். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரபூர்வமற்ற போட்டி நடத்த யார் தடுத்தது? நுழைவுக் கட்டணம் வாங்குங்கள், டீ போண்டா விற்றுக்கொள்ளுங்கள். இது என் கண்டுபிடிப்பும் இல்லை. ‘வின்டேஜ்’ என்ற மிகப் பழைய, மிக விலை உயர்ந்த பிரிவில் அமெரிக்காவிலேயே 10 பதிலி, 15 பதிலி அனுமதித்த அதிகாரபூர்வமற்ற போட்டிகள் வருடக்கணக்காக நடந்திருக்கின்றன. விலை தலைக்கு மேல் போன இடத்தில் பணக்கார நாட்டுக்காரனே மார்க்கரை எடுத்துவிட்டான். நாம் எதற்கு அவனைவிடக் கௌரவம் பார்க்க வேண்டும்?

அப்புறம் “சாதாரண கார்டு மட்டும் வைத்து ஆடும் ‘பாப்பர்’ பிரிவு இருக்கே, அங்க போய் ஆடு” என்பார்கள். 2019-லிருந்து அதிகாரபூர்வமாகவே இருக்கிறது. நல்ல ஆட்டம், ஆடுகிறேன். பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒரு முறை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, சிவகாசியில், அதே மொட்டை மாடி. மழை வந்தால் கீழே காலண்டர் கட்டு அடுக்குகிற அறை. ஸ்விஸ் முறை, நாலு சுற்று. அறுபது கார்டும் எழுதிக்கொண்டு வந்தாலும் சரி, அறுபதும் அசலாக இருந்தாலும் சரி. எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், பின்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும், ஆட்டம் தொடங்குமுன் எதிராளியிடம் காட்டிவிட வேண்டும். நிலம் எல்லோருக்கும் இலவசம், எல்லா வகை நிலமும் ஒரு பெட்டியில் எழுதி வைத்திருக்கிறோம், வேண்டியதை எடுத்துக்கொண்டு போகும்போது திருப்பிப் போட்டால் போதும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் கிடையாது, ஊரில் யாருக்கும் நேரம் இருக்காது. போர்டும் மார்க்கரும் நாங்கள் தருகிறோம். உறை மட்டும் நீங்களே வாங்கி வந்துவிடுங்கள், எங்கள் ஊரில் அது ஒன்றுதான் கிடைப்பதில்லை.